நுரைக் குழி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நஸீம் வீட்டு முன்னறையில் ஐந்து பேர் இருந்தார்கள். வாசலுக்கு நேரே போட்டிருந்த பிரம்புக் கதிரையில் பளீல் சேர். அவருக்கு வலப்பக்கம், சுவரோடு ஒட்டிய கட்டிலில், முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்துச் சாய்ந்தபடி வீட்டுக்காரன் நஸீம். கட்டிலின் கால்மாட்டில், உட்கார்ந்தும் உட்காராமலும், அவன் மனைவி அனீஸா. ஜன்னலோரப் பிளாஸ்டிக் கதிரையில் அழகமுத்து. கதிரை போதாததால் தையல் மெஷின் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் மனைவி வடிவம்மா. நோயாளியைப் பார்க்கக் கொண்டுவந்த பப்பாசிப் பழத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அவள் இன்னும் மடியிலேயே வைத்திருந்தாள். நடுவிலிருந்த ஸ்டூலில் மண்ணிறக் கடித உறை ஒன்று கிடந்தது. அதை யாரும் தொடவில்லை.

வெளியே ஆடி மாதத்துத் தூறல். வத்தேகமப் பக்கத்தில் அந்த மாதம் மழை பெய்யவும் செய்யாது, விடவும் செய்யாது. கொடியில் கிடந்த நஸீமின் சாரம் மூன்று நாளாகக் காயாமல் ஒரு வாடை அடித்தது.

"நேரா விசயத்துக்கு வாறேன்" என்றார் பளீல் சேர். "யாட்டை எடுத்த புது ஆக்கள் நல்ல ஆக்கள். பழைய தொழிலாளிமாரையும் பாக்கணும்னு நெனைக்கிறாங்க. கொழும்புல அவங்கட டொக்டர் ஈக்கிறாரு. ஸ்கேன், மருந்து, எல்லாம் அவங்க பொறுப்பு. அதுக்கு ஒரு சின்னக் கடிதம் வேணும்."

யாட் என்பது வத்தேகம ரோட்டோரத்து எண்ணெய்க் களஞ்சியம். பெற்றோல், டீசல் தாங்கிகள் ஒன்பது. அவற்றில் தீப்பிடித்தால் அணைப்பதற்கென்று எட்டுப் பேர் கொண்ட தீயணைப்புக் குழு ஒன்று இருந்தது. பளீல் சேர் அதன் பொறுப்பதிகாரி. அழகமுத்துவும் நஸீமும் இருபத்தொரு வருஷம் அதில் வேலை செய்தவர்கள். எட்டுப் பேரில் இரண்டு பேர் இப்போது உயிரோடில்லை. நாலு பேர் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். இந்த ஊரில் மிஞ்சியது இவர்கள் இரண்டு பேர்தான்.

"என்ன கடிதம் சேர்?" என்று கேட்டார் அழகமுத்து.

"வேல செஞ்ச காலத்துல கையுறை, மாஸ்க், பூட்ஸ் எல்லாம் தந்தாங்க. நுரையப் பத்தி வெளங்கப்படுத்தினாங்க. நாங்களும் அதும்படி நடந்தோம். நாலு வரி. நீங்க ரெண்டு பேரும் சைன் வெச்சாப் போதும்."

நஸீம் சிரித்தான். சிரித்தால் தையல் போட்ட இடம் இழுக்கும். கையால் விலாவைப் பிடித்துக்கொண்டே சிரித்தான்.

"கையுறையா சேர்? ஒரு சோடி இருந்திச்சு. பெருநாள் உடுப்பு மாதிரி. கொழும்புல இருந்து பெரியவங்க வந்தா மட்டும் போடுவோம்."

"பகிடிய விடு நஸீம்."

"ஒரு கிட்னிய எடுத்துட்டாங்க. ஸ்பெயார் வீல்ல ஓடுற லொறி நான். பகிடி மட்டுந்தான் சேர் மிச்சம்."

அனீஸா அவன் காலை மெல்லத் தட்டினாள். "சும்மா இரிங்க. நானா நம்மளுக்காகத்தானே மழையில வந்தீக்கிறாரு." பளீல் சேர் அவளுடைய உம்மா வழியில் தூரத்துச் சொந்தம், நானா என்று கூப்பிடுகிற அண்ணன் முறை. இவர்கள் கலியாணத்தைப் பேசி முடித்தவரே அவர்தான். "மூணு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன் எடுக்கச் செல்றாங்க நானா. ஒரு திகதி கெடைக்கிறதுக்குள்ள உசிரு போய் வருது."

"அதுக்குத்தானே நான் வந்தது."

நஸீம் விடவில்லை. "போன மாசம் கிளினிக் போகக்குள்ள ஓட்டோவுல இருந்து பாத்தேன் சேர். நம்மட நீலப் பெரலை எல்லாம் லொறியில ஏத்துறாங்க. ஏத்துறவனுக உடுப்பப் பாக்கணுமே! தலையில இருந்து கால் வரைக்கும் வெள்ள. மூஞ்சில கண்ணாடி. சந்திரனுக்குப் போற ஆக்கள் மாதிரி. நாங்க வெறும் பனியனோட தோள்ல தூக்கின பெரல்."

"அது புதுச் சட்டம்" என்றார் பளீல் சேர். "அந்தக் காலத்துல யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமா? நான் அதாலதானே சவரமே செஞ்சேன்!"

அது உண்மை. குழுவிலிருந்த எல்லோருக்கும் அது மறக்காது. தீயணைக்கும் நுரைத் திரவத்தோடு முதல் நீலப் பெரல் வந்த நாளில், கைபட்டால் ஏதும் ஆகுமா என்று யாரோ கேட்க, பளீல் சேர் நுரையை அள்ளிக் கன்னத்தில் பூசி, எல்லோர் முன்னாலும் பிளேட்டைப் போட்டு வழித்துக் காட்டினார். "சவுக்காரம்டா இது!" அன்றிலிருந்து அந்த நுரைக்கு யாட்டில் சவுக்காரம் என்றே பெயர்.

புறப்படும்போது அழகமுத்துவின் தோளில் கை வைத்தார். "முத்து, கடிதத்த நீயே ஒன்ட கையால எழுது. உறைக்குள்ள மாதிரிக் கடிதம் ஒண்டு ஈக்கி. எந்த வருசம் என்ன சாமான் வந்ததுன்னு திகதி எல்லாம் சரியாப் போடு. அதுல ஒன்ன விட்டா ஆள் இல்ல. நாளைக்குப் பத்து மணிக்கு இங்கேயே வந்து எடுக்கிறேன்."

வடிவம்மா அப்போதுதான் பப்பாசியை அனீஸாவிடம் கொடுத்தாள்.

*

அழகமுத்து படித்தது வத்தேகமவில் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், பத்தாம் வகுப்பு வரை. கையெழுத்து அச்சுக் கோத்தது போலிருக்கும். அந்தக் கையெழுத்துக்காகவே பளீல் சேர் யாட்டின் கடிதப் பதிவேட்டையும் அவரிடம் கொடுத்தார். காலையில் பெரல் தூக்குவார். மத்தியானத்துக்குப் பிறகு கையைக் கழுவிக்கொண்டு கந்தோரில் வந்து உட்கார்ந்து கடிதம் பதிவார். இலக்கம், திகதி, எங்கிருந்து, என்ன விஷயம், எத்தனை பக்கம். யாட்டின் பதிவேடு யாட்டில் இருக்கட்டும், நமக்கும் ஒன்று வேண்டும் என்று வீட்டில் ஒரு கொப்பியிலும் அதையே எழுதி வைப்பார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. அப்படிப் பதினொரு கொப்பி அலுமாரியின் அடித்தட்டில் அடுக்கியிருந்தது.

"வந்ததும் வராததுமா அலுமாரிக்குள்ள தலைய விடுறீங்களே, மழைத் தலைய தொவட்டக் கூடாதா?" என்றாள் வடிவம்மா.

"திகதி பாக்கணும்டி."

"அந்த மனுசன் சொல்ற மாதிரி எழுதப் போறீங்களா?"

"நஸீமுக்கு வைத்தியம் கெடைக்கும்."

"கையொற போட்டோம்னு எழுதுவீங்களா? ஒங்க கைக்கு ராத்திரி ராத்திரி தேங்காயெண்ண தேச்சவ நான்."

அழகமுத்து கொப்பியை எடுக்கக் கையை நீட்டினார். அவர் கை இன்றைக்கும் விரலிடுக்கில் பாளம் பாளமாக வெடித்துத்தான் கிடந்தது.

புதன்கிழமைதோறும் பயிற்சி. நூறு பங்கில் மூன்று பங்கு சவுக்காரம், மிச்சம் தண்ணீர். குழாய் சரியாக இழுக்காத நாளில் தொட்டிக்குள் இறங்கிக் கையால் கலக்குவார்கள். நுரை எழும்பினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஹுன்னஸ்கிரிய மலையில் மேகம் இறங்கியது போல் யாட் முழுக்கப் படரும். பிறகு கழுவி விட்டால் கீழ் ஓடைக்குப் போய்விடும். பெரலின் அடியில் மிஞ்சியதை எறிய யாருக்கும் மனம் வராது. லொறி கழுவினார்கள். சிமெந்துத் தரையைக் கழுவினார்கள். ஐந்து லீற்றர் கேனில் வீட்டுக்கும் கொண்டுவந்தார்கள். எண்ணெய்க் கறை படிந்த உடுப்புக்கு அதைப் போல் எதுவும் இல்லை. வடிவம்மா அதில்தான் ஆறு வருஷம் உடுப்புத் தோய்த்தாள்.

சித்திரைப் புத்தாண்டு முடிந்த கிழமை யாட்டில் குடும்ப தினம் வைப்பார்கள். தலையணைச் சண்டை, முட்டி உடைத்தல், பணிஸ் கடித்தல் எல்லாம் இருக்கும். ஆனால் பிள்ளைகள் வருஷம் முழுக்கக் காத்திருந்தது நுரைக் குழிக்குத்தான். மணல் மூட்டை அடுக்கி, தார்ப்பாய் விரித்து, இடுப்பளவுக்கு நுரை அடிப்பார்கள். பிள்ளைகள் அதற்குள் விழுந்து புரளும். வாயாலும் மூக்காலும் நுரை தள்ளும். அந்த யோசனை அழகமுத்துவினுடையது. குழாயைப் பிடித்து அடித்தவன் நஸீம்.

ஒன்பதாவது கொப்பியில் 2012ஆம் வருஷத்துப் பக்கத்தைத் திருப்பினார். மூன்றாம் மாதம் பத்தொன்பதாம் திகதி. அவருடைய கையெழுத்து: நுரைக் கம்பெனி, விலைப்பட்டியல், இரண்டு பக்கம், இரண்டு பிரதி.

அந்த நாள் அவருக்கு நினைவிருந்தது. பதிவுத் தபாலில் வந்த இங்கிலீசுக் கடிதம். பளீல் சேர் வாசித்தார். வாசித்து முடித்துக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சேர் போடட்டும்?" என்று இவர் கேட்க, "விலைப்பட்டியல்னு போடு. ஒரு பிரதிய ஃபைல்ல வை, மத்தத எறி" என்றார். விலைப்பட்டியல் என்கிறார், ஒரு விலைகூட இல்லையே என்று அழகமுத்துவுக்கு அன்றைக்கே தோன்றியது. தோன்றியது, அவ்வளவுதான். சேர் சொன்னதை எழுதினார்.

ஆனால் எறியவில்லை. ஒரு பக்கம் வெறுமையாக உள்ள தாளை எறிகிற பழக்கம் அவரிடம் கிடையாது. அதன் முதுகில் ஏதாவது நகல் எழுதி, கொப்பிக்குள்ளேயே செருகி வைப்பார். அந்தத் தாள்கள் அங்கேயே, பழுப்பேறி இருந்தன.

மாலை ஐந்தரைக்குக் கண்டியில் பாமசி வேலை முடிந்து மகள் கஜலட்சுமி வந்தாள். வடிவம்மா சுட்ட ரொட்டியைக் கட்டச்சம்பலில் தொட்டுக்கொண்டே தாளை வாங்கினாள். பாதி ரொட்டியில் கை நின்றது.

"அப்பா, இத யாரு விலைப்பட்டியல்னு சொன்னது?"

"ஏன்? வாசி."

அவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். இந்த நுரையில் உள்ள இரசாயனம் உடம்புக்குள் போனால் இலகுவில் வெளியேறாது, இரத்தத்தில் தங்கும். ஈரலையும் சிறுநீரகத்தையும் தைரொயிட் சுரப்பியையும் பாதிக்கலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே பயிற்சிக்குப் பாவிக்க வேண்டாம். வெறும் கையால் தொட வேண்டாம். ஓடையிலோ கிணற்றிலோ கலக்க விட வேண்டாம். மிச்சமிருக்கும் பெரல்களைப் பூட்டி வைத்து எங்களுக்கு அறிவியுங்கள். இதைத் தொழிலாளர்களுக்கு அவர்களுடைய மொழியில் வாசித்துக் காட்டுங்கள்.

"நஸீம் மாமாவோட நோய் இதனாலதான்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதுப்பா" என்றாள். "என் தைரொயிட்டும் அப்புடித்தான். ஆனா சொல்லணும்னு எழுதியிருக்காங்க. பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடியே."

அவள் தினமும் வெறும் வயிற்றில் விழுங்குகிற குளிகைப் போத்தல் ஜன்னல் தட்டில் இருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். பிறகு அவள் தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து: *குடும்ப தின அழைப்பு, 2012 ஏப்ரல் 21, சனிக்கிழமை. சிறுவர்களுக்கு நுரைக் குழி விளையாட்டு உண்டு. மாற்றுடை கொண்டு வரவும்.*

வடிவம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"அந்த வருசம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள் கஜலட்சுமி மெதுவாக. "எனக்குப் பன்னெண்டு வயசு. ஸனா கீழ வரவே இல்ல. கந்தோர் மேல்மாடியில வெள்ளக் கவுன் போட்டுக்கிட்டு நின்னா. முந்தின வருசம் வரைக்கும் அவதான் முதல் ஆளாக் குதிப்பா. நான் கூப்பிட்டேன். 'வாப்பா எறங்க வேணாம்னு சென்னாரு, கவுன் அழுக்காகுமாம்'னா. சவுக்கார நுரையில எப்புடி அழுக்காகும்னு நான் யோசிச்சேன்."

ஸனா, பளீல் சேரின் மகள்.

அழகமுத்து அன்று மாலை சாப்பிடவில்லை. கொப்பிகளில் அடுத்தடுத்த வருஷங்களைப் புரட்டினார். குடும்ப தினம் 2013, 2014, கடைசியாக 2018. எல்லா அழைப்பும் அவர் கையெழுத்தில். ஏழு தடவை.

*

திங்கட்கிழமை பத்து மணிக்கு அதே அறை. பளீல் சேர் அதே பிரம்புக் கதிரையில். நஸீம் கட்டிலில். அனீஸா கஞ்சிக் கோப்பையோடு அவன் பக்கத்தில். உப்பில்லாத கஞ்சி, இரண்டு கரண்டிக்கு மேல் அவனுக்கு இறங்கவில்லை. முக்காலியில், லீவு போட்டு வந்த கஜலட்சுமி. ஜன்னலோரக் கதிரை காலியாக இருந்தது. அழகமுத்து நின்றுகொண்டிருந்தார்.

"எழுதிட்டியா முத்து?"

"திகதி பாத்தேன் சேர். 2012, மூணாம் மாசம், பத்தொம்பது."

பளீல் சேர் குடையின் பிடியைத் தடவினார். "அது என்ன திகதி?"

"விலைப்பட்டியல் வந்த திகதி."

அழகமுத்து தாளை அவரிடம் நீட்டவில்லை. கஜலட்சுமியிடம் கொடுத்தார். நேற்றுச் சொன்னது போலவே அவள் தமிழில் வாசித்தாள். தொழிலாளர்களுக்கு அவர்களுடைய மொழியில் வாசித்துக் காட்டுங்கள் என்ற வரி வந்தபோது நஸீம் கண்ணை மூடிக்கொண்டான்.

"நான் என்ன செய்ய ஏலும்?" பளீல் சேரின் குரல் முதலில் உயர்ந்து, பிறகு தானாகவே தாழ்ந்தது. "மேல அனுப்பினேன். 'பெரல் முடியும் வரைக்கும் பாவி, வெளியில கதைக்காதே'ன்னாங்க. நான் கதைச்சிருந்தா யூனிட்ட மூடியிருப்பாங்க. எட்டுக் குடும்பம் ரோட்டுக்கு வந்தீக்கும். நஸீம், ஒன்ட மகன் அப்ப ஸ்கூல் போயிட்டிருந்தான். யோசிச்சுப் பாரு."

நஸீம் யோசித்தது போலத்தான் இருந்தது. "அதும் சரிதான் சேர்" என்றான். அவனுக்கு அந்த மனிதர்மேல் கோபப்பட்டுப் பழக்கமில்லை.

"சேர்" என்றார் அழகமுத்து. "அந்த வருசம் குடும்ப தினத்துல ஸனா ஏன் மேல்மாடியில நின்னிச்சு?"

பளீல் சேர் நிமிர்ந்து பார்த்தார்.

"வெள்ளக் கவுன் போட்டிருந்திச்சு. நீங்க எறங்க வேணாம்னு சொன்னீங்களாம்."

பளீல் சேர் குடையை மடியில் எடுத்து வைத்தார். "இருமல்… அவளுக்கு அப்ப…" என்று தொடங்கியதை முடிக்கவில்லை.

அனீஸா கஞ்சிக் கோப்பையை ஸ்டூலில் வைத்தாள். நேற்று அந்த உறை இருந்த இடத்தில்.

"நானா, என்ட மகன் நஸீபுக்கு அப்ப ஆறு வயசு. எறங்கப் பயந்து அழுதான். நீங்கதானே ரெண்டு கையாலயும் தூக்கி அந்தக் குழியில எறக்கி விட்டீங்க. 'ஆம்புளப் புள்ள அழுறதா'ன்னு கேட்டீங்க. நான் பக்கத்துல நிண்டு சிரிச்சேன்."

"அனீஸா…"

"ஒங்கட புள்ள மேல நிண்டிச்சு."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. வழக்கமாக அவர் எழும்பினால் அவளும் எழும்பி வாசல் வரை போவாள். பளீல் சேர் எழுந்தார். அவள் உட்கார்ந்தே இருந்தாள். "கொழும்பு டொக்டர் விசயம் இதோட முடிஞ்சிரும், யோசிங்க" என்று வாசற்படியில் நின்று சொன்னார். குடையை விரிக்காமலே ரோட்டில் இறங்கிப் போனார்.

*

அழகமுத்து அந்த ஸ்டூலிலேயே கடிதத்தை எழுதினார். கண்டித் தொழில் அலுவலகத்துக்கு, பிரதி புதிய கம்பெனிக்கு. பொருள் வரி போட்டு, ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்டு எழுதினார். எந்த நாளில் பயிற்சி, எப்படிக் கலக்கினோம், எந்த ஓடைக்குத் திறந்துவிட்டோம், எட்டுப் பேரின் பெயர், யார் யாருக்கு என்ன நோய், ஓடைக்கரையில் யார் யார் கிணறு. ஒன்றரை மணித்தியாலம் ஆனது. நடுவில் அனீஸா பிளேன்டீ கொண்டுவந்து கஜலட்சுமிக்கும் நஸீமுக்கும் கொடுத்தாள். அழகமுத்துவின் கோப்பையைக் கையில் கொடுக்காமல் ஜன்னல் தட்டில் வைத்துவிட்டுப் போனாள். அவர் அதைக் கவனித்தார்.

"சைன் வைக்க முன்னுக்கு வாசிக்கணும்" என்றார். "முழுசா. எல்லாரும் கேக்கணும்."

அவரே வாசித்தார். பதின்மூன்றாம் இலக்கத்துக்கு வந்தார். "மேற்படி எச்சரிக்கைக் கடிதத்தை விலைப்பட்டியல் என்று பதிவேட்டில் பதிந்தவன் நானே. அதில் விலை எதுவும் இல்லாததைக் கண்டும் நான் கேட்கவில்லை. அதன் பின்பக்கத்தில் சிறுவர்களை நுரைக் குழிக்கு அழைக்கும் அறிவித்தலை எழுதியவனும் நானே. மூலத் தாள்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன."

"அத வெட்டு மச்சான்" என்றான் நஸீம். "ஒன்ன எதுக்கு நீயே மாட்டி வெக்கிறே?"

"இல்ல. அத வெட்டினா மத்தப் பன்னெண்டையும் நம்ப மாட்டாங்க."

"வெட்டினா நான் சைன் வெப்பேன்."

"வெட்டாமலே வெய்."

நஸீம் அனீஸாவைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணன் எழுதினது எழுதினபடி இரிக்கட்டும்" என்றாள் கடைசியில். மன்னித்தாள் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு நாளில் அவள் பேசியதெல்லாம் நானாவோடும் நஸீமோடும்தான். அழகமுத்துவைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

நஸீம் சாய்ந்தபடியே பேனையை வாங்கினான். "கொழும்பு டொக்டர் போனா போகட்டும். நம்மட பேராதனை ஆஸ்பத்திரி கியூ இரிக்கே. விடிய நாலு மணிக்குப் போனா முதல் ஆள் நான்தான்." கையெழுத்துக் கோணிக்கொண்டு போனது.

கஜலட்சுமி சந்திக் கடைக்கு ஓடிப் போய்ப் பிரதி எடுத்து வந்தாள்; கம்பெனிக்குரியதை யாட்டிலேயே கொடுக்கத் தன் பையில் வைத்துக்கொண்டாள். அழகமுத்து தாள்களை எண்ணி, மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தார். ஈர மாதமானதால் உறையின் பசை ஏற்கெனவே இளகிப் போயிருந்தது. நாக்கால் தடவினார், ஒட்டவில்லை. அழுத்தினார், வாய் பிளந்துகொண்டது.

அனீஸா கோப்பையில் ஆறிக் கிடந்த கஞ்சியிலிருந்து நாலு பருக்கையை விரலால் எடுத்தாள். உறையை அவர் கையிலிருந்து வாங்கி, பருக்கைகளை ஓரமாக வைத்து நசுக்கித் தேய்த்து மடித்தாள். உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

வத்தேகமத் தபால் கந்தோரில் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கதவு சாத்த ஐந்து நிமிஷம் இருந்தது. பதிவுத் தபால் என்றார் அழகமுத்து. உள்ளே இருந்த பெண் எடை பார்த்து, முத்திரை ஒட்டி, திகதிச் சீலை ஓங்கிக் குத்திப் பற்றுச்சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். பிறகு உறையை எடுத்துப் பின்னாலிருந்த கண்டிச் சாக்குக்குள் போட்டாள்.